தொலைவுக்குக் காரணம் கேள்: ஓர் இளம் ஹாமுக்குக் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்து மகிழ்ந்தேன். மார்ச் மாத விடிகாலையில், நாகப்பட்டினத்தில் உன் வீட்டு மொட்டை மாடி ஆண்டெனாவில், இரண்டு மீட்டர் (144 மெகாஹெர்ட்ஸ்) பேண்டில் விசாகப்பட்டினத்து ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்) ஒருவர் தெளிவாகக் கேட்டதாக எழுதியிருக்கிறாய். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறத்தாழ 850 கிலோமீட்டர். அழைப்புக் குறியும் சிக்னல் அளவும் பரிமாறிக்கொண்டீர்கள். வெயில் ஏறியதும் அவர் குரல் மறைந்துவிட்டது. உரிமம் வாங்கிய முதல் ஆண்டிலேயே இப்படியொரு தொடர்பு கிடைத்ததற்கு என் மனமார்ந்த வாழ்த்து.

கடிதத்தின் முடிவில், இதைவிடத் தூரம் போக எந்த ரேடியோவை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்பு நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் குரல் ஏன் வந்தது? வி.எச்.எஃப் பேண்டில் நெடுந்தொலைவை ரசிப்பவர் பலர். அதற்குக் காரணம் தேடுகிறவர் சிலர்தான். நீ அந்தச் சிலரில் ஒருத்தியாக வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளதை வி.எச்.எஃப் என்கிறோம். சிற்றலையைப் போல இது அயனிமண்டலத்தில் பட்டுத் தினமும் திரும்பி வருவதில்லை. உன் ஆண்டெனா 15 மீட்டர் உயரத்திலும் எதிரே இருப்பவருடையது 30 மீட்டர் உயரத்திலும் இருந்தால், அலை நேராகச் சென்று சேரும் எல்லை சுமார் 40 கிலோமீட்டர். அதற்கு மேல் பூமியின் வளைவு மறைத்துவிடும். சிதறி வரும் அலையை நல்ல ஆண்டெனாவும் கூடுதல் வாட்டும் வைத்திருப்பவர்கள் சில நூறு கிலோமீட்டர் வரை பிடிப்பார்கள். உன் சிறிய கருவிக்கு 850 கிலோமீட்டர் எட்டியது என்றால், அன்று காற்றில் ஏதோ நடந்திருக்கிறது.

காரணம் தேடுவதன் முதல் படி சந்தேகப்படுவது. கேட்டது, சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டராக இருந்தால், அது இணையம் வழியாக வேறு ஊரோடு இணைக்கப்பட்டதா என்று விசாரி. அப்படி எக்கோலிங்க் என்ற இணைய இணைப்பு வழியாக வந்த குரல் வானில் அத்தனை தூரம் பயணம் செய்ததே இல்லை. 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்டிருந்தால், பன்னாட்டு விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போயிருக்கலாம். அது பத்து நிமிடத்துக்குள் எழுந்து மறையும். டாப்ளர் விளைவால் அதிர்வெண்ணும் நகரும். இவை இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகுதான் வானத்தின் பக்கம் திரும்ப வேண்டும். நீ பேசியது ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாக, நிலையான அதிர்வெண்ணில் என்று எழுதியிருப்பதால் இந்தப் படியைத் தாண்டிவிட்டாய்.

என் கணிப்பு, உனக்குக் கிடைத்தது டிராப்போ டக்டிங். வழக்கமாக மேலே போகப் போகக் காற்றின் வெப்பமும் ஈரமும் குறையும். சில நாட்களில் கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்று படிந்திருக்க, அதன் மேல் நிலத்திலிருந்து வரும் சூடான வறண்ட காற்று வந்து அமரும். அந்த எல்லையில் வெப்பம் திடீரென ஏறும், ஈரம் திடீரென இறங்கும். வானிலையாளர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பார்கள். அங்கே அலை கீழ்நோக்கி வளைகிறது. அந்த வளைவு பூமியின் வளைவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ ஆகிவிட்டால், அலை மேலே தப்பிப் போக முடியாமல் வாய்க்காலில் ஓடும் நீரைப்போல அந்த அடுக்கைப் பிடித்துக்கொண்டே போகும். நிலத்தின் மீது மேடு பள்ளமும் வெயிலும் இந்த அடுக்கைக் கலைத்துவிடும். கடலின் மீது அது நெடுந்தூரம் கலையாமல் கிடக்கும். உன் வீட்டுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் இடையே கோடு போட்டுப் பார். பெரும்பகுதி வங்கக் கடல்தான்.

இந்த நிகழ்வின் வலிமையை உலகம் கண்டது நம் நாட்டுக் கரையில் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயில் 200 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று இயங்கியது. கோடை மாதங்களில் அதன் திரையில் 1,000 மைலுக்கும் அப்பால் உள்ள அரேபியக் கரையின் எதிரொலி தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வந்து காற்றடுக்குகளைக் கலக்கியதும் அந்தத் தூரம் போய்விட்டது. அதே ரேடார்தான், வானம் மாறியதும் எல்லை மாறியது. தென் தமிழகத்துக் கடலோர மக்களும் இதைத் தங்கள் அளவில் அனுபவித்தவர்கள். 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, உயரக் குழாய்களில் ஆண்டெனாவும் பூஸ்டரும் கட்டி அதைப் பார்த்த வீடுகள் ஏராளம். சில இரவுகளில் படம் பளிச்சென்று வந்ததையும், சில இரவுகளில் புள்ளி மட்டும் விழுந்ததையும் உன் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கேட்டுப் பார்.

டக்டிங் தவிர வேறு வழிகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் இருக்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிகற்கள் விட்டுச் சென்ற இரும்பு, மக்னீசிய அயனிகள் மெல்லிய படலமாகத் திரண்டால் அது ஸ்போராடிக் ஈ. திடீரென்று திறக்கும், மிகப் பலமாகக் கேட்கும், திடீரென்று மூடும். ஒரே தாவலில் 2,000 கிலோமீட்டர் வரை போகும். எரிகல்லின் தடத்தில் பட்டு வரும் சிக்னல் நொடியின் ஒரு பகுதியோ சில நொடிகளோதான் இருக்கும். ஆகஸ்டில் பெர்சீட்ஸ், டிசம்பரில் ஜெமினிட்ஸ் எரிகல் பொழிவு நாட்களில் இதை முயன்று பார். சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் அயனிமண்டலத்தின் எஃப்2 அடுக்கே வி.எச்.எஃப்பின் கீழ்ப்பகுதியைத் திருப்பி அனுப்பும். 1938 நவம்பரில் லண்டன் பி.பி.சி.யின் 45 மெகாஹெர்ட்ஸ் தொலைக்காட்சிப் படம் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் தெரிந்தது அப்படித்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீ படிக்கும் நூல்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. மே முதல் ஆகஸ்டு வரை ஸ்போராடிக் ஈ காலம் என்று அவை சொல்லும். அது அவர்களுடைய வானத்துக்கு உரிய கணக்கு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிக் கடக்கிறது. அங்கே காந்தப்புலம் கிடைமட்டமாக இருப்பதால், அவர்களுக்கு அந்தப் படலத்தைத் திரட்டித் தரும் காற்று நமக்கு அதே வேலையைச் செய்வதில்லை. அதே காந்த நடுக்கோட்டின் இருபுறமும் ஏறத்தாழ சம தூரத்தில் இருக்கும் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும், கிரீஸும் தென்னாப்பிரிக்காவும் மாலை வேளைகளில் 50 மெகாஹெர்ட்ஸிலும், சில சமயம் 144 மெகாஹெர்ட்ஸிலும்கூடப் பேசிக்கொள்கின்றன. நாமோ அந்தக் கோட்டின் பக்கத்திலேயே இருப்பதால் அந்த வழியும் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே பிறர் எழுதிய நாட்காட்டியை நம்பிக் காத்திருக்காதே. வங்கக் கடலின் நாட்காட்டியை உன் காதால் கேட்டு நீயே எழுத வேண்டும்.

இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். ராஸ் ஹல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் க்யூ.எஸ்.டி. என்ற அமெச்சூர் வானொலி இதழில் பணியாற்றினார். 1934-இல் 56 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அடிவானத்துக்கு அப்பாலிருந்து வருவதைக் கேட்டார். அந்த அலைகள் பார்வைக் கோட்டைத் தாண்டாது என்றுதான் அன்று பொதுவாக நம்பினார்கள். ஹல் நாள்தோறும் சிக்னலின் பலத்தைப் பதிந்து, மேல்வளி வானிலைத் தரவுகளோடு ஒப்பிட்டார். காற்றடுக்குகளே அலையை வளைக்கின்றன என்று 1935-இல் எழுதினார். அவரிடம் இருந்தது நல்ல ஆண்டெனாவும் விடாமல் எழுதிய பதிவும். ஓர் அமெச்சூர் அறிவியலுக்குத் தந்த கொடை அது.

ரால்ஃப் தாமஸின் கதையும் உனக்கு உதவும். 1954 அக்டோபரில் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து அவரும், டென்னசியிலிருந்து பால் வில்சனும் எரிகல் தடங்களைக் கொண்டு 144 மெகாஹெர்ட்ஸில் தொடர்பு கொண்டார்கள். பிறகு தாமஸ் ஹவாய்க்குக் குடிபெயர்ந்தார். கலிஃபோர்னியாவில் ஜான் சேம்பர்ஸ், பசிபிக் கடல்மீது கோடையில் படியும் வெப்ப அடுக்கு ஹவாய் வரை அலையைச் சுமக்கும் என்று நம்பினார். இருவரும் நேரம் குறித்துப் பொறுமையாக முயன்றார்கள். 1957 ஜூலை 8 அன்று 144 மெகாஹெர்ட்ஸில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து பேசினார்கள். அதிர்ஷ்டம் அவர்களைத் தேடி வரவில்லை. எந்த மாதம், எந்த அடுக்கு, எந்தத் திசை என்று தெரிந்துகொண்டு போய் அதற்காகக் காத்திருந்தார்கள். 2019 ஜூனில் கேப் வெர்டே தீவுகளுக்கும் கரீபியனின் குவாடலூப்புக்கும் இடையே, அட்லாண்டிக் மீது இரண்டு மீட்டர் பேண்டில் தொடர்பு கிடைத்தபோதும் கதை அதுவேதான்.

இனி நீ செய்ய வேண்டியவை. உன் ஊருக்குப் பக்கத்தில், காரைக்காலில், இந்திய வானிலை ஆய்வுத் துறை மேல்வளி பலூன் விடுகிறது. உலகெங்கும் பலூன் விடும் வேளைகள் நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30. அந்தத் தரவு இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. முதல் இரண்டு கிலோமீட்டர் உயரத்தை மட்டும் பார். வெப்பம் ஏறும் இடத்தில் ஈரம் சரிந்திருந்தால் ரேடியோவை இயக்கு. சென்னை, விசாகப்பட்டினத் தரவுகளிலும் அதே உயரத்தில் அதே அடுக்கு தெரிந்தால் வாய்ப்பு அதிகம். எஃப்.எம். வானொலியையும் காவலுக்கு வைத்துக்கொள். யாழ்ப்பாணம் உனக்குப் பக்கம் என்பதால் இலங்கை நிலையம் கேட்பது எதற்கும் சான்றாகாது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை திருப்பும்போது தெலுங்கு அறிவிப்பு கேட்டால், வடக்கே வழி திறந்திருக்கிறது என்று கொள்.

கருவி பற்றிய உன் கேள்விக்கு வருகிறேன். புது ரேடியோ வேண்டாம். முதலில் கேபிளை மாற்று. 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள், 144 மெகாஹெர்ட்ஸில் உன் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கை வழியிலேயே விழுங்கிவிடும். கேட்கும் சிக்னலுக்கும் அதே கதிதான். அடுத்து, அலுமினியக் குழாயில் நீயே ஒரு யாகி ஆண்டெனா செய். ரிப்பீட்டருக்கும் எஃப்.எம்.முக்கும் ஆண்டெனா செங்குத்தாக இருக்கட்டும். மெல்லிய சிக்னலைத் தேடும் எஸ்.எஸ்.பி., மோர்ஸ், டிஜிட்டல் முறைகளில் கிடைமட்டமே வழக்கம். இரு முனைகளின் நிலையும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் சிக்னல் நூறில் ஒரு பங்காகக்கூடக் குறையும்.

கணினி முறைகளைத் தயங்காமல் கற்றுக்கொள். 1993-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் சிறு வயதிலேயே ஹாம் ஆனவர். காதுக்கு எட்டாத சிக்னலையும் படித்துத் தரும் மென்பொருளை நமக்கு எழுதித் தந்தவர் அவர். ஆனால் திரையில் ஓர் அழைப்புக் குறி தோன்றியதுமே தொடர்பு கிடைத்ததாக எழுதிவிடாதே. மென்பொருள் சில வேளை இல்லாததையும் படித்துக் காட்டும். இரு பக்கமும் முழுதாகப் பெற்று ஒப்புக்கொண்டதே தொடர்பு. சந்தேகமானால் கேள்விக்குறி போட்டு வை. பொய்யான ஒரு வரி, உண்மையான மற்ற வரிகளையும் ஐயத்துக்கு உள்ளாக்கும்.

வழி திறந்த நேரத்தில் சுருக்கமாகப் பேசு. அழைப்புக் குறி, சிக்னல் அளவு, இடக்குறி (உலக வரைபடக் கட்டத்தின் குறி), நன்றி, அவ்வளவே. உன் இடக்குறி எம்கே90, விசாகப்பட்டினம் என்கே17. குடும்ப நலம் விசாரிக்க வேறு நாள் இருக்கிறது. வரிசையில் இன்னொருவர் தன் முதல் தொலைவுக்காகக் காத்திருப்பார்.

பாதுகாப்பை மறக்காதே. ராஸ் ஹல் 1938-இல் தொலைக்காட்சிக் கருவி ஒன்றில் வேலை செய்கையில் உயர் மின்னழுத்தம் தாக்கி இறந்தார். அத்தனை தெரிந்தவருக்கே அது நேர்ந்தது. ஆண்டெனாக் கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நிற்க வேண்டும். தனியாக ஏறாதே. கோடை இடி தொலைவில் கேட்டதுமே கேபிளைக் கழற்றி வெளியே போடு. எந்தத் தொலைவுத் தொடர்பும் உன் உயிருக்கு ஈடாகாது.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. தேதி, நேரம், அதிர்வெண், ஆண்டெனாத் திசை, சிக்னல் பலம், காற்று, காரைக்கால் பலூன் காட்டிய அடுக்கு ஆகியவற்றை நாள்தோறும் எழுது. எதுவும் கேட்காத நாளையும் எழுது. கேட்ட நாளுக்கும் கேட்காத நாளுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் காரணம் அகப்படும். விசாகப்பட்டினத்து நண்பரையும் இதேபோல் எழுதச் சொல். இந்தக் கோடை முடிந்ததும் இருவர் நோட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கண்டதை ஒரு கட்டுரையாக எழுதி எனக்கு அனுப்பு. நம் கரையில் அடுத்து வருகிற இளையவருக்கு அதுவே பாடநூலாகும்.

அன்புடன்,
உன் அண்ணன்