குழுப் பெண்களின் சரக்கும் நமது பட்டுவாடாவும்



நேற்றுவரை நம் கடையில் பற்று வைத்து வாங்கிய பெண்மணி, இன்று மசாலாப் பொடி, அப்பளம், வடகம் என்று நமக்கே சரக்குப் போட வருகிறார். அவர் கையிலுள்ள முதல் எங்கிருந்து வந்தது, எப்படிச் சுழல்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு இந்தக் குழுக்களைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி, நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. பிறகு மகளிர் திட்டம் வந்தது. குழுக்கள் ஊர்தோறும் பெருகின.

குழுவுக்கு ஐந்து விதிகள் உண்டு: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தங்களுக்குள் கடன், தவணை தவறாமல் திருப்பிக் கட்டுதல், ஒழுங்கான கணக்கு. இந்த ஐந்தையும் பார்த்துத்தான் அடமானம் இல்லாமல் வங்கி கடன் தருகிறது. கடன் குழுவின் பேரில் இருப்பதால், ஒருவர் தவறினால் அத்தனை பேருக்கும் கெட்ட பெயர்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 15 பேர் மாதம் 100 ரூபாய் சேமித்தால் ஆண்டுக்கு 18,000 ரூபாய். அதில் ஒருவர் இரண்டு வட்டிக்கு 10,000 ரூபாய் எடுத்து, மிளகாயும் மல்லியும் வாங்கி அரைத்து, நமக்கு 11,000 ரூபாய்க்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் நாம் பணம் கொடுத்தால் வட்டி 200 போக அவருக்கு 800 மிச்சம். நான்கு மாதம் இழுத்தால் வட்டியே 800. மிச்சம் வெறும் 200. அதே முதல் மாதம் ஒருமுறை திரும்பியிருந்தால் நான்கு மாதத்தில் 3,200 ரூபாய் நின்றிருக்கும். அதுமட்டுமல்ல, அந்தப் பணம் திரும்பினால்தான் அடுத்தவருக்குக் கடன். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் காத்திருந்தவர் கந்துவட்டிக்காரரிடம் போவார்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு எங்கள் மண்டிக்குச் சாம்பார்ப் பொடி போட்டது. சுத்தமான சரக்கு. பெரிய கம்பெனிகளுக்குக் கெடு தவறாமல் பணம் கட்டிய நாங்கள், இவர்களை மட்டும் "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பினோம். ஐந்தாவது தடவை வந்தபோது அந்த அம்மா சொன்னார்: "ஐயா, வெள்ளிக்கிழமை எங்க கூட்டம். நோட்டுல என் பேருக்கு நேரா காலியா இருந்தா, பதினாலு பேரு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" அன்றே முழுப் பணத்தையும் கொடுத்தோம். ஆனால் அவர்கள் அதன்பின் வரவில்லை. அந்தச் சரக்கு எதிர்க்கடையில் விற்றது. எங்கள் வாடிக்கையும் அதன் பின்னாலேயே போயிற்று.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழிலில் சரக்கு எடுத்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களிலும், இருந்தாலும் 45 நாட்களுக்கு மிகாமலும் பணம் தர வேண்டும். தவறினால் கூட்டு வட்டி உண்டு. பதிவு பெறாத குழுவுக்கும் இதே கெடுவைக் கடைப்பிடிப்பதுதான் நமக்கு அழகு.

நாம் செய்யக்கூடியவை:

1. சரக்கை இறக்கும்போதே பணம் தரும் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். முடியாத அளவு எடுக்க வேண்டாம்; கொஞ்சமாக எடுத்து ரொக்கம் கொடுப்போம்.

2. சரக்குக் கொண்டுவந்தவரின் வீட்டுப் பழைய பாக்கியை அதில் கழிக்கக் கூடாது. பாக்கி அவருடையது, முதல் குழுவுடையது.

3. சிப்பத்தில் பெயர், முகவரி, நிகர எடை, விலை, தயாரித்த மாதம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கின்றனவா என்று பார்ப்போம். குறையிருந்தால் சொல்லித் திருத்தச் செய்வோம். அதைச் சாக்காக வைத்து விலையைக் குறைக்க வேண்டாம்.

இது தர்மக் கணக்கு அல்ல. சரக்கு மட்டமாக இருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். நல்ல சரக்கென்று எடுத்துக்கொண்டால் சொன்ன தேதியில் பணம் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பணம் அவர்கள் வீட்டு அரிசி பருப்பாக நம் கடைகளுக்கே திரும்பி வருகிறது. நம் பேரேட்டில் அவர்களுக்குத் தர வேண்டியது எவ்வளவு நிற்கிறது என்று இன்றே புரட்டிப் பார்ப்போம்.