முள் இறங்கினாலும் வண்டியை ஓரம் கட்டுங்கள்

பழைய அம்பாசிடர் வாங்குகிறவர்கள் பெயின்ட், சீட்டு, பாட்டுப் பெட்டி என்றுதான் முதலில் செலவு செய்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் செலவு ஹீட் மீட்டருக்குத்தான். சித்திரை வெயிலில் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போய், பட்டுக் கடைத் தெருக்களில் ஊர்ந்து திரும்பும் வண்டிக்கு அதைவிட அவசியமானது எதுவுமில்லை. ஹெட் கேஸ்கட் போனால் ஆகும் செலவில் பல மீட்டர் வாங்கலாம்.

என்னுடையது மார்க் 4 பெட்ரோல் வண்டி, 1489 சிசி என்ஜின். டேஷ்போர்டில் இருந்த பழைய முள் செத்துப்போனதால் தனி மீட்டர் பொருத்தினேன். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கரண்டில் ஓடுவது: என்ஜினில் ஒரு சென்சார், அங்கிருந்து ஒரு ஒயர். இன்னொன்று மெக்கானிக்கல்: திரவம் அடைத்த செம்புக் குமிழ், அதிலிருந்து மீட்டர் வரை மெல்லிய குழாய். சூடேறினால் உள்ளே அழுத்தம் கூடி முள்ளைத் தள்ளும். பேட்டரி தேவையில்லை. டிராக்டர்களிலும் இந்த வகை வருவதால் நம் பக்கம் கிடைப்பது எளிது. நான் இதைத்தான் போட்டேன். அந்தக் குழாயை வெட்டவோ மடக்கவோ கூடாது. மிச்ச நீளத்தைப் பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டிவிட வேண்டும்.

கரண்டு வகை வாங்கினால் மீட்டரும் சென்சாரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். வேறு சென்சாரைப் போட்டால் முள் ஆடும், ஆனால் பொய் சொல்லும். பழைய டேஷ்போர்டு சிலவற்றில் பெட்ரோல் முள்ளுக்காக 10 வோல்ட் ஸ்டெபிலைசர் இருக்கும். 12 வோல்ட் மீட்டரை அந்த ஒயரில் கொடுக்காதீர்கள். சாவியில் உயிர் பெறும் தனி ஒயரை எடுத்து, பியூஸ் வழியாகக் கொடுங்கள். சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றினால் எர்த் கிடைக்காமல் போகும்.

பொருத்தும் முன் கொதிக்கும் தண்ணீரில் குமிழை முக்கிப் பாருங்கள். நம் ஊர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும். முள்ளும் அங்கேயே நிற்க வேண்டும். 5 டிகிரி தள்ளி நின்றால் அதை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டலாம். முள் ஒரே இடத்தில் நிற்காமல் அலைந்தால் கடைக்கே திருப்பிவிடுங்கள்.

குமிழ் உட்கார வேண்டிய இடம் ஹெட், தெர்மோஸ்டாட்டுக்கு முன்பாக. ரேடியேட்டர் ஹோஸை வெட்டி நடுவில் அடாப்டர் செருகுவது சுலபம்தான். ஆனால் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்வரை அங்கே சூடான தண்ணீர் வராது, முள்ளும் என்ஜினின் நிலையைச் சொல்லாது. ஹெட்டின் மரையும் கடை மீட்டரின் மரையும் பெரும்பாலும் சேராது. லேத்துப் பட்டறையில் பித்தளையில் ஒரு அடாப்டர் கடைந்து வாங்கி, செம்பு வாஷரோடு போடுங்கள். என்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் இந்த வேலை. டேஷ்போர்டில் ஓட்டை போடாமல் அடியில் தகடு வைத்து மீட்டரை மாட்டுங்கள். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது, நல்ல டேஷ்போர்டு இனி தேடினாலும் அரிது.

மாட்டியபின் உங்கள் வண்டியின் வழக்கமான சூட்டைப் பழகிக்கொள்ளுங்கள். என் வண்டி 80-க்கும் 90-க்கும் இடையில் ஓடும். ஊருக்குள் நின்று நின்று போகையில் முள் ஏறி, வெளிச்சாலையில் இறங்கினால் குறை காற்றோட்டத்தில்: பேன் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரேடியேட்டர் இடுக்கில் வைக்கோல் தூசு அடைத்திருக்கும். அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயும் ஊர் இது. மாறாக, வேகமாகப் போகும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்திருக்கலாம். கூலண்ட் ஊற்றுங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதற்காகத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. குமிழ் அளப்பது தண்ணீரின் சூட்டை. தண்ணீரே இல்லாவிட்டால் அது வெறும் ஆவியில் தொங்கும்; என்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்கும். மாகரல் அருகே என் வண்டியின் கீழ் ஹோஸ் கிழிந்தபோது இதுதான் நடந்தது. முள் ஏறி, பிறகு சட்டென்று சரிந்தது. உடனே என்ஜினை அணைத்தேன். ஹோஸ் மட்டும் மாற்றியதோடு முடிந்தது. கிளம்பிய சில நிமிடங்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது முள் சற்று இறங்குவது இயல்பு. நடு ஓட்டத்தில் காரணமில்லாமல் விழுந்தால் அது ஆபத்து. வண்டியை நிறுத்துங்கள், ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

ஹீட்டைக் குறைக்கிறேன் என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் பழக்கம் நம் மெக்கானிக்குகள் பலரிடம் இருக்கிறது. அது இல்லாத என்ஜினில் முள் நிலையாக நிற்காது, எது வழக்கமான சூடு என்று தெரியவும் தெரியாது. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே திறந்து பாருங்கள். இல்லையென்றால், மீட்டர் வாங்கும் அன்றைக்கே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.