ப்ளூ மேசாவில் குட்டி மீன் பிடிப்பது எப்படி?

'சிறுசை விட்டுடு, வளரட்டும்' என்றுதான் எங்கள் ஊர்க் கண்மாயில் தூண்டில் போடும்போது பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தோடு கொலராடோவின் ப்ளூ மேசா நீர்த்தேக்கத்துக்கு முதல்முறை போனேன். காலை முழுக்கப் பிடித்த லேக் ட்ரவுட் குட்டிகளை முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படகுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், அதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடும்படி ஏறக்குறையக் கெஞ்சினார்.

அவர் சொன்னதுதான் சரி. கன்னிசன் ஆற்றின் குறுக்கே 1966-இல் கட்டி முடித்த அணைக்குப் பின்னால் ஏறத்தாழ 20 மைல் நீளத்துக்குக் கிடக்கிறது இந்தத் தண்ணீர். இதன் செல்வம் கோக்கனி. கடலுக்கே போகாமல் ஏரியில் வாழும் சால்மன் அது. நுண்ணிய மிதவை உயிரிகளைத் தின்று வளர்ந்து, மூன்று நான்கு வயதில் இலையுதிர் காலத்தில் ஆறு ஏறி, முட்டையிட்டுச் செத்துப்போகும். ரோரிங் ஜூடி குஞ்சுப் பண்ணையில் அதன் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்துத்தான் மாநிலத்தின் வேறு பல ஏரிகளுக்கும் குஞ்சு விடுகிறார்கள். லேக் ட்ரவுட் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். அது பாறை இடுக்குகளில் தானாகவே முட்டையிட்டுப் பெருகி, கோக்கனியைத் தின்ன ஆரம்பித்தது. கோக்கனி குறைந்தால் முட்டை குறையும், மற்ற ஏரிகளும் வெறுமையாகும். கடைசியில் பெரிய லேக் ட்ரவுட்டுக்கே இரை இருக்காது. அதனால் கொலராடோ வனவிலங்குத் துறை வலைபோட்டுப் பார்த்தது. 2020-இல் 24 அங்குலத்துக்கு உட்பட்ட மீனின் தலையைக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்குப் பரிசுப் போட்டியும் வைத்தது. ஆக, இங்கே உங்கள் வீட்டு வாணலியும் நிர்வாகத்தில் ஒரு கருவி.

கிளம்பும் முன்

16 வயது நிரம்பியவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். ஒருவர் எத்தனை மீன் எடுக்கலாம் என்ற கணக்கு மாறக்கூடியது என்பதால் அந்தந்த ஆண்டின் விதிக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருஷம் நண்பர் சொன்னாரே என்று போகாதீர்கள். உயிருள்ள மீனை இரையாக மாட்டுவதற்கு இங்கே தடை. செத்த சக்கர் மீனின் சதைத்துண்டு போதும், தூண்டில் கடைகளில் கிடைக்கும்.

மோட்டார் படகு கொண்டுபோனால் தண்ணீரில் இறக்கும் முன் சோதனை உண்டு. ஒட்டிக்கொண்டு வரும் அயல்நாட்டுச் சிப்பிகள் ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் எடுக்க வழியே இல்லை என்பதால், சோதிப்பவர்கள் கறாராகத்தான் இருப்பார்கள். படகைக் காயவைத்து எடுத்துப் போனால் சீக்கிரம் விடுவார்கள்.

எப்போது, எங்கே

லேக் ட்ரவுட்டுக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிர்தான் பிடிக்கும். பனிக்கட்டி உருகி முடிகிற ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் ஏரி முழுதும் சில்லென்று இருப்பதால் மீன் கரையோரப் பாறைகள்வரை வரும். படகு இல்லாதவர்களுக்கு அதுதான் காலம். கோடையில் மேல்தண்ணீர் சூடாக, அது 60 முதல் 100 அடி ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்போது படகும் சோனார் திரையும் இல்லாமல் போவது வெறும் உல்லாசப் பயணம்.

ஏரி மூன்று பகுதியாக இருக்கிறது. கிழக்கே ஐயோலா, நடுவில் செபோலா, அணைப் பக்கம் சபினேரோ. ஐயோலா ஆழம் குறைந்தது. கோடையில் நான் மற்ற இரண்டைத்தான் பார்ப்பேன். பழைய ஆற்றுப்பள்ளத்தின் விளிம்பு, தண்ணீருக்குள் மூழ்கிய மேடு, இவற்றின் சரிவில் அடித்தரையை ஒட்டிக் கூட்டமாகக் கோடுகள் திரையில் தெரிந்தால் அவை பெரும்பாலும் நமக்கு வேண்டிய குட்டிகள்.

விடியற்காலையிலேயே இறங்கிவிடுங்கள். மதியத்துக்கு மேல் இங்கே காற்று எழும்பும். 7,500 அடி உயரத்து மலைத்தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் கைகால் விறைத்துவிடும். உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே வேண்டாம்.

தூண்டில் வேலை

நடுத்தர விறைப்புள்ள தூண்டில் கோல், 10 பவுண்டு தாங்கும் பின்னல் நூல், நுனியில் நாலைந்து அடி தங்கூசி. பின்னல் நூல் இழுபடாது. 80 அடிக்குக் கீழே மீன் மூக்கால் தொட்டாலும் விரலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அது. முள்ளில் மூன்று அங்குல வெள்ளை ரப்பர்க் குழல், உள்ளே அரை அவுன்ஸ் ஈயம், முனையில் சுண்டுவிரல் நகமளவு சக்கர் சதை. சதையைப் பெரிதாக மாட்டினால் முள் மறைந்துபோகும், மீன் கடித்துவிட்டுத் துப்பிவிடும்.

நேராகக் கீழே இறக்குங்கள். தரை தட்டியதும் ஓரடி தூக்கி நிறுத்தி, மணிக்கட்டை மட்டும் அசைத்து இரண்டு மூன்று சிறு துள்ளல் கொடுங்கள். பிறகு அசையாமல் வையுங்கள். பெரும்பாலான கடி அந்த அசையாத நேரத்தில்தான் வரும். கையைச் சும்மா வைத்திருப்பது நம்மில் பலருக்கு முடியாத காரியம், எனக்கு அது பழக இரண்டு பருவம் ஆனது. திரையில் ஒரு கோடு உங்கள் இரையை நோக்கி எழும்பி அப்படியே நின்றுவிட்டால், நூலைச் சற்று வேகமாகச் சுற்றுங்கள். இரை தப்பி ஓடுகிறதென்று நினைத்துத் துரத்திக்கொண்டு வரும். கனம் தெரிந்ததும் ஒரே வெட்டு.

மேலே ஏற்றும்போது மட்டும் அவசரம் வேண்டாம். இந்த மீனால் காற்றுப்பையிலுள்ள காற்றை வாய்வழியே வெளியேற்ற முடியும். பாதி வழியில் குமிழிகள் வந்தால் பயப்படாதீர்கள், அது ஏப்பம் விடுகிறது.

பிடித்த பிறகு

முதலில் மீன் எது என்று பாருங்கள். கருத்த உடம்பில் வெளிறிய புள்ளிகளும் நன்றாகப் பிளந்த வாலும் இருந்தால் லேக் ட்ரவுட். வெளிறிய உடம்பில் கரும்புள்ளி என்றால் பழுப்பு ட்ரவுட், அதற்கு விதி வேறு. பிறகு அளவுக்கோல். 24 அங்குலத்துக்கு உள்ளே என்றால், விதி அனுமதிக்கும்வரை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் ஒரே தட்டு, செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, நேரே ஐஸ் பெட்டிக்கு. வெயிலில் வாளியில் கிடந்த மீனை எந்த மசாலாவும் காப்பாற்றாது.

எண்ணெய்ப்பசையுள்ள மீன் இது. தோலையும், தோலுக்கடியில் பழுப்பாக ஓடும் கொழுப்பையும் சீவி எடுத்தால் கவுச்சி போய்விடும். குழம்புக்குப் புளி தாராளமாகக் கரையுங்கள். என் வீட்டில் வறுவலுக்குத்தான் ஓட்டு அதிகம்.

பெரியது மாட்டினால் கதை வேறு. இந்த உடம்புக்கு அது பல ஆண்டுகள் தின்றிருக்கும், அத்தனை காலப் பாதரசமும் அதன் சதையில் இருக்கும். 2023 மே மாதம் இதே ஏரியில் 47 அங்குல நீளமும் 73.29 பவுண்டு எடையுமுள்ள ஒரு மீன் மாட்டியது. பிடித்தவர் படகிலேயே நிறுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிட்டார். முறையான தராசில் வைக்காததால் அது மாநில எடைச் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. கொல்லாமல் விடுவதானால் வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். ஒரு படம் போதும், செவுளில் விரல் விட்டுத் தூக்காதீர்கள். ஆகஸ்ட் மாதத்தில் பெரியதைத் தேடிப் போவதையே நான் விட்டுவிட்டேன். ஆழத்துக் குளிரிலிருந்து மேல்தண்ணீரின் சூட்டுக்கு இழுத்துவந்த மீன், நல்லபடியாக நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிழைக்குமா என்று சொல்ல முடியாது.

கரையேறியதும் படகின் அடியிலுள்ள அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்து, நங்கூரக் கயிற்றில் சிக்கிய பாசியைப் பிய்த்து எறியுங்கள். அடைப்பானை மாட்டாமலேயே வீடுவரை ஓட்டுங்கள். அடுத்த முறை இறக்கும் முன் மாட்ட மறக்காமலிருக்க, நான் அதைக் கார் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.