வாலட் கோப்பை யாராவது நகலெடுத்திருந்தால்?

கேள்வி: பழுதுபார்க்கக் கொடுத்த லேப்டாப் நேற்றுத் திரும்பி வந்தது. அதில் என் பிட்காயின் கோர் வாலட் இருக்கிறது. நீளமான பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன்; பணமும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லை. பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா? கூட்டுக் கையொப்ப வாலட்டுக்கு மாறச் சொல்கிறான் தம்பி. பைபிட் கிரிப்டோ சந்தையில் அதையும் மீறித் திருடினார்களே?
– ர.கு., ஈரோடு

பதில்: அன்புள்ள ர.கு., கலங்க வேண்டாம். பாஸ்வேர்டு நீளமானது, யூகிக்க முடியாதது என்றால், கோப்பு பிறர் கையில் இருந்தாலும் அவ்வளவு எளிதில் பணத்தை எடுத்துவிட முடியாது. பிட்காயின் கோர் உங்கள் தனிச்சாவிகளை (பணத்தைச் செலவிடும் ரகசிய எண்கள்) ஏஇஎஸ்-256 முறையில் குறியாக்கம் செய்து (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) வைக்கிறது. முகவரிகளும் இருப்பும் மட்டும் மறைக்கப்படுவதில்லை, அவற்றைப் பார்த்திருக்கலாம்.

பாஸ்வேர்டை மாற்றுவது போதாது. நகலெடுத்திருந்தால் அந்த நகல் பழைய பாஸ்வேர்டுக்கே திறக்கும். அந்த லேப்டாப்பில் பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்யவும் வேண்டாம். கீலாகர் (தட்டச்சை ஒற்றறியும் மென்பொருள்) இருந்தால் பாஸ்வேர்டும் போய்விடும். கோப்பை நம்பகமான வேறு கணினிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பணத்தைப் புதிய வாலட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்தப் புதிய வாலட் கூட்டுக் கையொப்ப வாலட்டாக இருப்பது நல்லதுதான். இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே செல்லும் வங்கிக் கணக்கு போன்றது அது. மூன்று சாவிகளில் எவையேனும் இரண்டு போதும் என்று அமையுங்கள். ஒன்று திருடுபோனாலும் தொலைந்தாலும் பணம் தப்பும். சாவிகளைத் தனித்தனி ஹார்டுவேர் வாலட்டுகளில் (சாவியை வெளியே விடாமல் கையொப்பமிடும் சிறு கருவிகள்) உருவாக்குங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வங்கி லாக்கரில், ஒன்று தம்பியிடம் இருக்கட்டும். மீட்புச் சொற்களை (கருவி போனாலும் சாவியைத் திரும்ப உருவாக்கும் சொற்கள்) தாளில் எழுதுங்கள், போட்டோ எடுக்காதீர்கள்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. மூன்று சாவிகளின் பொதுப்பகுதியும் (முகவரியை உருவாக்கும், செலவிட முடியாத பகுதி) அடங்கிய வாலட் அமைப்புக் கோப்பை மூன்று இடத்திலும் வையுங்கள். ஒரு சாவி அடியோடு தொலைந்து, அந்தக் கோப்பும் இல்லையென்றால், மற்ற இரண்டு சாவிகள் கையில் இருந்தும் பணத்தை மீட்க முடியாது.

2025 பிப்ரவரியில், நீங்கள் குறிப்பிட்ட பைபிட்டிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ போனபோது, கணினித் திரை காட்டியது ஒன்று, அதிகாரிகள் ஒப்பமிட்டது வேறொன்று. ஆகவே முகவரியையும் தொகையையும் கருவியின் சொந்தத் திரையில் படித்துப் பார்த்தே ஒப்புதல் கொடுங்கள்.

முதலில் சிறு தொகையை அனுப்பி, இரண்டு சாவிகளால் திரும்ப எடுத்துப் பாருங்கள். அது சரியாக வந்தபின் மீதியை மாற்றுங்கள்.