பெரிய கொடுவாவைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் வசிக்கும் நண்பர்கள் ஐந்து பேர் நாங்கள். உறைந்த ஏரியில் பனிக்கட்டியை வெட்டி, ஆள் உயர ஸ்டர்ஜன் மீனைப் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து, குளிர்காலத்தில் அப்படி ஒரு தூண்டில் பயணம் போக வேண்டும் என்று ஆசை. வெளிநாடு போக வசதியில்லை. டிசம்பர் கடைசி விடுமுறையில் தாம்பரத்திலிருந்து போய்வரும் தூரத்தில் பெரிய மீன் கிடைக்கும் இடம் உண்டா? என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?
– வாசகர், சேலையூர்

பதில்: ஸ்டர்ஜனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய ஆறுகளிலோ கடலிலோ அந்த மீன் இயற்கையாகக் கிடையாது. பூமியின் வடபாதியில், குளிர்ந்த ஆறுகளிலும் ஏரிகளிலும் அவற்றை ஒட்டிய கடல்களிலும் மட்டுமே வாழ்வது அது. கேவியர் என்று விலைமதித்து விற்கப்படும் அதன் முட்டைக்காகவே மனிதர்கள் அதைத் துரத்தித் துரத்திப் பிடித்தார்கள். 2022இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் செய்த மதிப்பீட்டில், எஞ்சியிருக்கும் 26 ஸ்டர்ஜன் இனங்களும் அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரியவந்தது. இருந்தும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வின்னபேகோ ஏரியில் ஒவ்வொரு பிப்ரவரியிலும், பனிக்கட்டியில் துளையிட்டு ஈட்டியால் ஸ்டர்ஜன் பிடிக்க மக்களுக்கு அனுமதி உண்டு. நீங்கள் பார்த்த வீடியோக்களில் சில அங்கே எடுத்தவையாக இருக்கலாம். வீடியோவில் எளிதில் கண்ணில் படாத ஒரு கணக்கு அந்த ஏரியில் நடக்கிறது. பருவம் அதிகபட்சம் 16 நாள். பிடித்த மீனை அன்றைக்கே பதிவு நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆண் மீன், பருவமடையாத பெண் மீன், முட்டையிடும் பெண் மீன் என்று மூன்றுக்கும் தனித்தனியே உச்சவரம்பு உண்டு. ஒன்றின் வரம்பு நிறைந்தாலும் 16 நாள் முடியும் முன்பே பருவத்தை மூடிவிடுவார்கள். அந்த ஏரியின் பெண் ஸ்டர்ஜன் முதல் முட்டையிட இருபது வயதைத் தாண்டியாக வேண்டும், அதன் பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் முட்டையிடும் என்பதால்தான் இவ்வளவு கறார்.

இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதே கணக்குக்கு உரிய மீன் ஒன்று இருப்பதுதான். அது கொடுவா. முட்டுக்காடு, கோவளம் கழிமுகத்தில் தூண்டிலோடு நிற்பவர்கள் அதிகம் கனவு காணும் மீன். முகத்துவாரத்திலும் அதை ஒட்டிய கடலிலும் முட்டையிடும்; குஞ்சுகள் கழிக்குள் ஏறி வளரும். கொடுவா முதலில் ஆணாகவே பருவமடைகிறது. ஒன்றரை, இரண்டு கிலோ எடையில் பிடிபடுபவை பெரும்பாலும் ஆண்கள். அவையே வளர்ந்து நான்கு கிலோவைக் கடக்கும்போது பெரும்பாலானவை பெண்ணாக மாறிவிடுகின்றன. அப்படியென்றால் ஐந்தாறு கிலோ கொடுவாவைத் தோளில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவர் கையில் இருப்பது, ஒரே பருவத்தில் பல லட்சம் முட்டையிடக்கூடிய தாய். அந்த அளவுக்கு வளரும் முன்பே வலைக்கும் தூண்டிலுக்கும் பெரிய மீன்களுக்கும் இரையாகிப் போனவைதான் ஏராளம். ஆகவே பயணத் திட்டத்தின் முதல் வரியாக, எதை விட்டுவிடுவது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். 45 சென்டிமீட்டருக்குக் குறைந்ததும் வேண்டாம், 60 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதும் வேண்டாம். இடைப்பட்டது ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டரை கிலோ வரை வரும். ஐந்து பேர் வயிறாரச் சாப்பிட அப்படி இரண்டு மீன் போதும். இந்த அளவு நான் சொல்லும் யோசனைதான், சட்டம் இல்லை. ஆனால் யோசனையின் அடிப்படை புதிதில்லை. இதே கொடுவாவை ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்கிறார்கள். குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் எடுத்துச் செல்லச் சட்டமே தடுக்கிறது. அங்கே மீன் பெரிதாக வளர்ந்த பிறகே பெண்ணாக மாறுவதால் அவர்களுடைய மேல் எல்லை அவ்வளவு உயரத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நடுத்தர அளவு மீன் எல்லாம் ஆண், அவைதான் நாளைய பெண்கள் என்றால், அவற்றை எடுப்பதும் நாளைய தாய்களை எடுப்பதுதானே? ஆமாம். அதனால்தான் அளவோடு எண்ணிக்கையையும் சேர்த்துச் சொன்னேன்: ஆளுக்கு இரண்டு என்று கணக்குப் போடாதீர்கள், குழுவுக்கே இரண்டு. நடுத்தர மீன்கள் கழியில் நிறைய இருக்கும். அவற்றில் பெரும்பகுதி எப்படியும் பெண்ணாகும் வயதை எட்டாது. இரண்டை எடுப்பதால் ஏற்படும் இழப்பும், அந்த வயதை எட்டிவிட்ட ஒன்றை எடுப்பதால் ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல.

அடுத்து காலம். டிசம்பர் கடைசி என்கிறீர்கள்; தை பிறக்கும்வரை பொறுங்கள் என்பேன். காரணம் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் முட்டுக்காடு கழி, கோவளத்தில் கடல். தாம்பரத்தின் கிழக்குப் பக்கத்தில் பெய்யும் மழையில் பெரும்பங்கு, நீங்கள் தூண்டில் போட நினைக்கும் இடத்தின் வழியாகவே கடலுக்குப் போகிறது. மேற்கே பீர்க்கன்காரணை, முடிச்சூர் பக்கத்துத் தண்ணீர்தான் அடையாறுக்குத் திரும்பிவிடும். கார்த்திகையிலும் மார்கழித் தொடக்கத்திலும் கழி முழுவதும் கலங்கல் நன்னீராக இருக்கும், ஆகாயத்தாமரையும் குப்பையும் அடித்துக்கொண்டு வரும். வானமும் நம்பத்தக்கதில்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. 2016இல் வர்தா புயல் டிசம்பர் 12ஆம் தேதி வந்தது. 2023இல் மிக்ஜாம் டிசம்பர் முதல் வாரத்தில். தை பாதிக்கு மேல் மழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, உப்பும் ஏறியிருக்கும். கோடையில் மணல்மேடிட்டு அடைத்துக்கொள்ளும் முகத்துவாரத்தை வெள்ளம் உடைத்துத் திறந்து வைத்திருப்பதால் கடலேற்றமும் வற்றமும் உள்ளே நன்றாக வேலை செய்யும். ஏற்றத்தோடு மடவைக் குஞ்சும் இறாலும் நகரும். ஓட்டத்துக்குப் பக்கத்தில் நிழல் பார்த்துக் காத்திருப்பது கொடுவாவின் வழக்கம். சென்னைக் கடலில் ஏற்ற வற்ற வேறுபாடு பெரிய அளவில் இராது, ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள்களில்தான் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். நாள் குறிக்கும்போது காலண்டரில் அதைப் பாருங்கள்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு மீனை விட்டுவிடுவதால் என்ன ஆகிவிடப் போகிறது, தினமும் வலை போடுகிறார்களே என்று உங்கள் குழுவில் ஒருவராவது கேட்பார். வலை போடுகிறவருக்கு அது பிழைப்பு. உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை. இந்த வேறுபாடு ஒருபுறம் இருக்கட்டும். செவுள்வலைக்கு ஒரு கண் அளவு உண்டு. அதற்குப் பொருந்தும் மீன்தான் அதிகம் மாட்டும். சிறியது நழுவும், மிகப் பெரியது பெரும்பாலும் முட்டித் திரும்பும் அல்லது வலையைக் கிழித்துக்கொண்டு போகும். பெரிய ரப்பர் மீனையோ உயிருள்ள மடவையையோ மாட்டி, கல்லிடுக்கும் பாலத்தூணும் பார்த்து வீசுகிற பொழுதுபோக்குத் தூண்டில்காரர் தேடிப் போவதே அந்த மிகப் பெரிய மீனைத்தான். வலைக்குத் தப்பிய தாய்களைத் தூண்டில் தேடி எடுக்கிறது என்பதால், எண்ணிக்கையில் சிறுபான்மையான நீங்கள் செய்யும் முடிவுக்கு எடை அதிகம்.

கொடுவாக் குஞ்சைப் பண்ணையில்தான் உற்பத்தி செய்கிறார்களே, காட்டு மீனைப் பற்றி என்ன கவலை என்பது இன்னொரு கேள்வி. அந்தப் பெருமை முட்டுக்காட்டுக்கே உரியது. சிபா என்று அறியப்படும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறது. இந்தியாவிலேயே முதல்முறையாகக் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு உற்பத்தி செய்து காட்டியது அந்த நிறுவனம், 1997இல். ஆனால் அந்த வேலை எவ்வளவு கடினம் என்று பாருங்கள். பெரிய தாய் மீன்களைத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் பேணி, ஹார்மோன் கொடுத்து முட்டையிட வைக்க வேண்டும். பொரித்த குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் தன் உடன்பிறப்பையே விழுங்கத் தொடங்கும். ஆகவே சில நாள்களுக்கு ஒருமுறை பெரியது, நடுத்தரம், சிறியது என்று சலித்துப் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் விட வேண்டும். இத்தனை உழைப்பில் வரும் குஞ்சு முதன்மையாகப் பண்ணையாளரின் குளத்துக்கும் கூண்டுக்கும் போகிறது. கழியில் இருக்கும் ஒரு தாய், ஒரு ரூபாய் செலவில்லாமல், யார் கையும் படாமல் செய்யும் வேலை அது.

விட்ட மீன் எப்படியும் செத்துவிடும் என்கிற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் கையில். மெல்லிய நரம்பில் அரைமணி நேரம் இழுத்து விளையாடினால் மீன் களைத்தே செத்துவிடும். எனவே தேவைக்கு மேல் கனமான தங்கூஸ் நரம்பைப் போடுங்கள், சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாருங்கள். தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். கழற்றும்போது சதை கிழியாது. மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். தூக்கியே ஆக வேண்டும் என்றால் கையை நனைத்துக்கொண்டு, ஒரு கை வாலடியிலும் ஒரு கை வயிற்றுக்கு அடியிலுமாகப் படுக்கை வாட்டத்தில் தூக்குங்கள். பெரிய மீனைத் தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் தாடையும் முதுகெலும்பும் பாதிக்கப்படும். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு போலக் கூர்மை. அதில் விரல் வைத்தால் உங்களுக்கும் காயம். தை மாதத்தைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: குளிர்ந்த தண்ணீரில் பிராணவாயு அதிகம் தங்கும், களைத்த மீன் தேறுவதற்குச் சித்திரை வெயிலைவிட வாடைக்காற்று நாள்தான் ஏற்றது.

தின்பதற்கு இல்லாமல் பிடிப்பதும் விடுவதுமாக விளையாடுவது கொடுமையில்லையா என்று கேட்பவர்களிடம் எனக்கு மறுபேச்சு இல்லை. அது சரியான கேள்வி. தெரியாமல் மாட்டிய பெரிய மீனை விடுவது வேறு, நாள் முழுக்க மாட்டி மாட்டி விடுவது வேறு. சமையலுக்கு வேண்டிய இரண்டு மீன் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அடுப்பு மூட்டவும், கழியில் இறங்கும் பறவைகளைப் பார்க்கவும் நேரம் கிடைக்கும்.

கழி தூரம், பக்கத்து ஏரியிலேயே விரால் பிடிக்கலாமே என்றால், இரண்டு விஷயம். ஏரிகளின் மீன் பாசி குத்தகைக்கு விடப்படுவதுண்டு. குத்தகைதாரரைக் கேட்காமல் பிடிப்பது திருட்டு. பள்ளிக்கரணை 2022 முதல் ராம்சார் தலம், காப்புக்காடும்கூட. அங்கே தூண்டிலை நினைக்கவே வேண்டாம். இன்னொன்று, மழைக்காலம் விராலுக்குக் குஞ்சு வளர்க்கும் காலம். தண்ணீர்ப் பரப்பில் செந்நிறத் துணுக்குகள் கூட்டமாகக் கொப்பளித்துக்கொண்டு நகர்ந்தால் அது விரால் குஞ்சுக் கூட்டம். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தூண்டிலைப் போட்டால் பாதுகாக்க வந்த மீன் கட்டாயம் கவ்வும், அதன் பிறகு குஞ்சுகளுக்குக் காவல் இல்லை. நல்ல தூண்டில்காரர் அதைச் செய்ய மாட்டார். ஜிலேபி கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மாட்டினால் மட்டும் நான் சொன்ன விதி தலைகீழாகும். அவை வெளியிலிருந்து வந்து நம் மீன்களின் இடத்தைப் பிடித்தவை. சிறிதோ பெரிதோ, திரும்ப விடாதீர்கள்.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையில் போய், உப்பளங்களைத் தாண்டிக் கோவளத்துக்குள் நுழைவது உங்களுக்கு நேர்வழி. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகவும் போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தின் மேல் நின்று வீசாதீர்கள். பின்னால் வண்டிகள் பறக்கும். படகுக் குழாமின் படகுகள் ஓடும் பகுதியும் வேண்டாம். முகத்துவாரத்தில் இறங்கி நிற்பது உயிருக்கு ஆபத்து, வற்றம் இழுக்கும்போது காலடி மணலே கரைந்து போகும். கோவளத்து மீனவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, அவருடைய ஃபைபர் படகை அரைநாள் வாடகைக்கு எடுத்து, அவர் காட்டும் இடத்தில் வீசுங்கள். எங்கே வீசலாம், எங்கே கூடாது என்பது அந்த ஊருக்குத் தெரியும். ஐந்து பேருக்கும் உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறாதீர்கள். ஆழமில்லாத இடங்களில், பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி, குனிந்து சேற்றைக் கையால் தடவி இறால் எடுப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் கால் வைக்கும் இடத்தில் அறுந்த நரம்பும் முள்ளும் கிடக்கக் கூடாது. அறுந்த துண்டுகளைப் போட ஒரு மூடி போட்ட டப்பா எடுத்துப் போங்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு, தூண்டில் கம்பின் அடிமுனையிலிருந்து 45 சென்டிமீட்டரில் ஒரு மஞ்சள் டேப்பும் 60 சென்டிமீட்டரில் ஒரு சிவப்பு டேப்பும் சுற்றிவிடுங்கள். மீன் தண்ணீரில் கிடக்கும்போதே கம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது வீட்டுக்கு, எது கழிக்கு என்று தெரிந்துவிடும்.