செல்போனில் சிக்காத அம்பு

கேள்வி: எங்கள் தோப்பில் ஞாயிறுதோறும் மூங்கில் வில்லால் அம்பு விட்டுப் பழகுகிறோம். தம்பி செல்போனில் படம் எடுக்கிறான். அம்பு கிளம்புவதும் குத்தி நிற்பதும்தான் தெரிகிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. இலக்குக்குப் பக்கத்தில் நின்று எடுத்தால் நன்றாக விழுமா?
- வாசகர் ஒருவர், தருமபுரி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. மூங்கில் வில்லில் குறிபார்க்கும் கருவி இல்லை. ‘இந்தியன் ரவுண்ட்’ வில்வித்தைப் போட்டியில் இந்த வில்லை வைத்துத்தான் 30, 50 மீட்டருக்கு எய்கிறார்கள். நாணை விடும் விரல் துளி பிசகினாலும் அவ்வளவு தூரத்தில் அம்பு எங்கோ போய்விடும். தென்னையில் பட்டுத் தெறிக்கவும் செய்யும். தம்பியின் இடம் எய்பவருக்குப் பின்னால்தான். இலக்கருகே காட்சி வேண்டுமென்றால், போனை ட்ரைபாடில் ஓரமாக நிறுத்தி ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, எல்லாரும் திரும்பி வந்தபின் எய்யுங்கள். அடிபட்டால் போன்தானே!

இனி, அம்பு ஏன் சிக்கவில்லை? இத்தகைய வில்லிலிருந்து அம்பு நொடிக்குச் சுமார் 45 மீட்டர் வேகத்தில் போகும் என்று வையுங்கள். போன் வழக்கமாக நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கிறது. ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் அம்பு ஒன்றரை மீட்டர் ஓடிவிடும். ஸ்லோ மோஷனில் 240 ஃப்ரேம் வைத்தால் அந்த இடைவெளி இருபது சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். ஷட்டர் நேரத்தை 1/2000 நொடி அளவுக்குக் குறைக்க முடிந்தால் அம்பு இழுபடாமல் விழும். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். தோப்பு நிழலை விட்டு, வெயிலுள்ள திறந்த இடத்துக்கு வாருங்கள். சூரியன் போனுக்குப் பின்பக்கம் இருக்கட்டும்.

அப்போது அம்பு வளைந்து நெளிந்து போவது தெரியும். பயப்பட வேண்டாம். அம்பு வில்லின் தண்டைச் சுற்றி வளைந்துதான் வெளியேறும். அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் இதை அதிவேகப் படங்கள் எடுத்து ஆராய்ந்தவர். ஆனால் போன் கேமரா படத்தை வரிவரியாகப் பதிவதால் இல்லாத வளைவையும் காட்டும். அந்தப் படத்தை நம்பி அம்பை மாற்றிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், பறக்கும் அம்பைவிட உங்கள் கைகளைப் படம் பிடிப்பதே லாபம். இரண்டு கோணம் போதும். நேர் பின்னாலிருந்து எடுத்தால், நாணை இழுக்கும் முழங்கை அம்பின் கோட்டில் இருக்கிறதா என்று தெரியும். மார்புக்கு நேராக, எய்பவர் நிற்கும் கோட்டிலேயே போனைச் சற்றுத் தள்ளி வைத்து எடுத்தால், நாண் ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரே இடத்தைத் தொடுகிறதா என்று தெரியும். இரண்டாவதை ஸ்லோ மோஷனில் பாருங்கள். நாணை விட்டது முதல் அம்பு நாணைப் பிரியும் வரை நான்கைந்து ஃப்ரேம்தான். அதற்குள்ளேயே வில் பிடித்த கை இறங்கத் தொடங்கியிருந்தால், அம்பு தாழப் போவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. விட்ட கை தாடையை ஒட்டிப் பின்னால் போக வேண்டும்; பக்கவாட்டில் விசிறினால் நாணைப் பிய்த்து எறிகிறீர்கள் என்று அர்த்தம்.

ஒன்று மட்டும் தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். ரீல்ஸுக்கு ‘போஸ்’ கொடுப்பதற்காக அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடக் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லிலேயே இறங்கும்; மூங்கில் விரிசல் கண்டு முகத்துக்கு நேரே தெறிக்கலாம்.