தன் துயரில் உறுதி, பிறர் துயரில் இரக்கம்

இல்லறத்தில் இழப்பு வரும், இகழ்ச்சி வரும், நோயும் வரும். இவற்றினிடையே மனம் குலையாதிருக்க நம் ஆசாரியர்கள் சமபாவத்தைக் கற்பித்தனர். மேலைநாட்டில் இதே வினாவை ஆராய்ந்தோர் ஸ்டோயிக்கர். அவர்தம் கொள்கையில் நாம் கொள்ளத்தக்கது யாது, அதன் எல்லை யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கொள்கை

கி.மு. 300-ஐ ஒட்டி ஏதென்ஸ் நகரில் ஒரு தூண்மண்டபத்தில் ஸீனோ என்பார் இக்கொள்கையைக் கற்பித்தார். கிரேக்க மொழியில் அத்தகைய மண்டபம் 'ஸ்டோவா' எனப்படும். அதுவே கொள்கைக்கும் பெயராயிற்று. அடிமையாயிருந்து விடுதலை பெற்ற எபிக்டீடஸும், கி.பி. 161 முதல் 180 வரை ரோமாபுரியை ஆண்ட பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸும் இதனைக் கைக்கொண்டனர்.

எபிக்டீடஸ் கூறிய அடிப்படை எளிது. நம் எண்ணமும் விருப்பு வெறுப்பும் நம் வசம்; உடலும் பொருளும் புகழும் பதவியும் நம் வசம் அல்ல. வசமல்லாதவற்றைப் பற்றுவதே துன்பத்தின் வேர். அநித்திய பாவனை பயின்ற நமக்கு இஃது அயலாகத் தோன்றாது.

பயன்

தியாகராயநகரில் கடை நடத்துவோரிடம் வாடிக்கையாளர் சுடுசொல் கூறலாம். மயிலாப்பூரில் ஏறிய பேருந்து நெரிசலில் நின்றுவிடலாம். சினம் மூளுமுன் 'இதில் என் வசமானது யாது?' என நம்மையே வினவுவோம். குரோதம் என்னும் கஷாயம் அவ்விடத்தே தணியத் தொடங்கும்.

எல்லை

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வேளையில் அனைத்தையும் இழந்த ஒருவர், 'பொருள் என் வசமன்று' எனத் தம்மைத் தேற்றிக்கொள்வாராயின் அது மனத்திண்மை. மேல்மாடியில் நனையாது நின்றவர் அதே சொல்லை அவருக்கு உரைப்பாராயின் அது கல்நெஞ்சம். இவ்வறிவுரை தனக்குத் தான் இட்டுக்கொள்ளும் மருந்து; பிறர் வாயில் ஊற்றுவதன்று.

ஸ்டோயிக்கரும் பிறர்க்கு உதவுவதைக் கடமையாகவே கொண்டனர். ஆயினும் இரக்கத்தை மனத்தின் நோய்களுள் ஒன்றாக எண்ணினர். துயருற்றார்க்கு ஆறுதல் சொல்லலாம், உள்ளத்தே உடன்வருந்தலாகாது என்பது எபிக்டீடஸ் கருத்து.

இங்கே நம் நெறி வேறுபடுகின்றது. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நான்கு பாவனைகளை அருளினார். எல்லா உயிரிடத்தும் மைத்திரி; குணத்தில் உயர்ந்தாரிடம் பிரமோதம்; துன்புறுவோரிடம் காருண்யம்; நல்லுரை ஏலாதாரிடம் மாத்தியஸ்தம். நடுநிலை வைக்கப்பட்ட இடத்தைக் கவனிக்க! துன்புறுவோரிடம் வைக்கப்பட்டது காருண்யமே.

மற்றோர் எல்லையும் உண்டு. 'நம் வசமன்று' என்பது சோம்பலுக்குத் திரையாகலாம். அவ்வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே 2018-இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை கூறிற்று. மழை நம் வசமன்று. வடிகாலும் ஏரிக்கரையும் ஊரார் கூடினால் நம் வசமே.

ஆதலின் சாமாயிகத்தில் அமரும் 48 நிமிடங்களில் நம் துயரை அமைதியுடன் நோக்குவோம். எழுந்தபின் அண்டை வீட்டார் துயரை நம் துயராய் நோக்குவோம்.

சிந்தனைக்கு

1. இவ்வாரம் நம்மை வருத்தியவற்றுள் நம் வசமானவை எவை?
2. 'வசமன்று' எனக் கைவிட்டவற்றுள், பலர் கூடினால் இயல்வது எது?
3. காருண்யம், மாத்தியஸ்தம் இவற்றின் வேறுபாட்டைக் குழந்தைகட்கு ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.